கருப்பம்மாள் கைக்கு வந்தவை

சாணார்பட்டிக்குக் கிழக்கே மூன்று கிலோமீட்டரில் இருக்கும் செங்குளத்துப்பட்டியில் இருபத்தாறு வருடமாக எந்தப் பொருளும் தரையில் விழவில்லை. கையை விட்டு நழுவியது, காம்பை விட்டுக் கழன்றது எதுவானாலும் பாதி வழியில் திரும்பி, சந்து தாண்டி, தெருத் தாண்டி, கீழத்தெரு கருப்பம்மாளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மழைக்கு இந்தச் சட்டம் கிடையாது, அது யார் கையிலும் எந்தக் காம்பிலும் இருந்ததில்லை. மற்றபடி சோற்றுத் தட்டு, சாவிக்கொத்து, முருங்கைக்காய், புளியம்பழம், சோடாபுட்டிக் கண்ணாடி, குழந்தை எல்லாம் அவளிடம்தான் வந்தன. காலை ஆறு மணிக்கு அவள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். "மதினி, எங்க வீட்டுச் செம்பு வந்துச்சா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். வாங்கியவர்களில் ஒருவராவது நல்ல வார்த்தை சொன்னதாகத் தகவல் இல்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். அந்த ஊரில் அதிசயம் பாலுக்கு முன்பே புளித்துவிட்டது.

இது எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் ஒரு முறை உண்டு. தொரட்டிக்கு எட்டாத கிளையில் ஒருவர் ஏறிக் காயைப் பறித்துப் போட, கீழே ஒருவர் சாக்கை விரித்து ஏந்த வேண்டும். தரையில் அடிபட்ட காய் பழுக்காது, அழுகும். ஏறியவர் "ஏந்து" என்று குரல் கொடுப்பார். கீழே இருப்பவர் "ஏந்திட்டேன்" என்று பதில் சொன்னால்தான் காயை விடுவார். பதில் சொன்னவருக்கே காயின் பொறுப்பு, அடிபட்டால் அவர்தான் திட்டு வாங்க வேண்டும். மரம் முடிந்ததும் ஏறியவர் இறங்குவதற்கு முன் மேலே இருந்தபடியே "போதும்" என்று சொல்லுவார். அதைக் கேட்காமல் கீழே இருப்பவர் சாக்கை மடிக்கக் கூடாது. எந்தக் காலத்தில் யார் வைத்த முறையோ, தோப்பு வேலைக்குப் போகிற யாரும் அதை மீறியதில்லை.

கருப்பம்மாளுக்கு அப்போது கல்யாணமாகிப் பதினெட்டு நாள். புருஷன் மலைச்சாமி காசாலட்டு ரக மாமரத்தில் ஏறினார், அவள் கீழே சாக்கை விரித்து நின்றாள். அன்று காலை வெஞ்சனத்தில் உப்புக் கூடிவிட்டது என்று அவர் சொல்லப்போக, எங்க வீட்ல இப்படித்தான் திம்போம் என்று அவள் சொல்லப்போக, பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஏந்து, ஏந்திட்டேன் தவிர வேறு சொல் இல்லாமல் பகல் முழுவதும் காய் இறங்கியது. மரம் முடிந்ததும் மலைச்சாமி "போதும்" சொல்லாமல் மரத்தின் அந்தப் பக்கமாக இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். புதுமாப்பிள்ளைக் கோபம், வேறொன்றும் இல்லை. அவள் பொழுது சாய்கிற வரைக்கும் சாக்கை விரித்தபடியே நின்றாள். பக்கத்துத் தோப்புக்காரர்கள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து பஸ்ஸில் ஏற்றினார்கள். மறுநாள் காலை மூன்றாம் வீட்டு அழகுராஜாவின் தாயார் கையிலிருந்து நழுவிய டம்ளர் தெருவைக் கடந்து வந்து அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

அன்றைக்கே மலைச்சாமியைத் தோப்புக்குக் கூட்டிப்போய் மரத்தில் ஏற்றிச் சொல்ல வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். "உப்பு கூடுச்சா இல்லையா, மொதல்ல அத ஒத்துக்கச் சொல்லு" என்பதிலேயே அவர் ஆறு வருடத்தைக் கடத்திவிட்டார். நடுவில் தீபா பிறந்தாள், கிணறு வற்றியது, புதுக் கிணறு வெட்டினார்கள். சரி, ஏறிச் சொல்லிவிடலாம் என்று மனம் இளகிப் போய்ப் பார்த்தபோது சாலையை அகலப்படுத்துவதற்காக அந்த மரத்தை வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்தில் தாரும் போட்டாகிவிட்டது. மலைச்சாமி தார்ச்சாலையில் நின்று ஆயிரம் தடவை "போதும்" சொல்லிப் பார்த்தார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். தரையில் நின்று சொல்லும் சொல்லுக்கு மதிப்பில்லை, வேறு மரத்தில் ஏறிச் சொன்னால் அது அந்த மரத்துக்கு மட்டும்தான் என்று தெரிந்துகொண்டு திரும்பிவந்தார்.

முதல் மாதம் அக்கம்பக்கத்து வீட்டுச் சாமான்கள் மட்டும் வந்தன. ஐந்தாம் மாதம் தெரு முழுக்க வந்தது. பத்தாம் மாதத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எது நழுவினாலும் வந்தது, அந்த ஊரே கூப்பிடு தூரம்தான். ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள் பயந்து கோடாங்கியைக் கூப்பிட்டுக் குறி கேட்டார்கள். பிறகு அது வசதியாகத் தெரிந்தது. 2009-ல் மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் ஏறி விளையாடிய பிள்ளை ஒன்று பிடி நழுவி, நாற்பது அடி உயரத்திலிருந்து காற்றில் வளைந்து வந்து அவள் மடியில் விழுந்து, பசிக்கிறது என்று சொன்னது. அன்றோடு ஊர் தன் பிடியைத் தளர்த்திவிட்டது. பெண்கள் தண்ணீர்க் குடத்தைச் சுமப்பதை விட்டார்கள். குழாயடியிலேயே தூக்கி எறிந்துவிட்டுக் கைவீசி நடந்துவந்து கருப்பம்மாளிடம் வாங்கிக்கொண்டார்கள். பாத்திரக்காரர் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். நடை பழகும் பிள்ளைகள் கையை விட்டதும் இரண்டு எட்டு வைத்து அவள் மடியில் வந்து விழுந்தன. இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள யாருக்கும் தட்டு விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று தெரியாது. மாங்காய் சீசனில் அவள் நத்தத்துக்கு வேலைக்குப் போகிற பகல்களில் மட்டும் தாய்மார்கள் பாத்திரங்களைத் தரையிலேயே வைத்துவிட்டுப் பிள்ளைகளை இடுப்பில் இறுக்கிக்கொள்வார்கள். சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்குவது தெரிந்ததும் விட்டுவிடுவார்கள்.

அவளுக்குக் கை போய்விட்டது. மணிக்கட்டு இரண்டும் வீங்கி, விரல்கள் நிமிராமல், உள்ளங்கை எந்நேரமும் குழிந்தே இருந்தது. சோற்றைப் பிசைகிறபோதே மேலத்தெருக் கரண்டி வந்து விழும். படுக்கும்போது இரண்டு கையையும் கட்டிலுக்கு வெளியே நீட்டித்தான் படுப்பாள். சாணார்பட்டியில் டீ மாஸ்டர் ஆற்றுகிற நேரத்தில் கடைப்பக்கம் அவள் போகக் கூடாது, போனால் டீ கொதிக்கக் கொதிக்கக் கைக்கு வந்துவிடும். மகள் தீபாவின் கல்யாணத்தில் போட்ட அட்சதை ஒரு மணிகூட மணமக்கள் தலையில் விழாமல், முன்வரிசையில் நின்ற அவள் கையில் வந்து குவிந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். பெற்றவளை மண்டபத்துக்கு வெளியே அனுப்பி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி நிற்க வைத்துவிட்டு மறுபடி அட்சதை போட்டார்கள். கெட்டிமேளச் சத்தத்தை வைத்துத்தான் மகள் கழுத்தில் தாலி ஏறிவிட்டதென்று அவள் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு நெஞ்சு வெடிக்க அழுதாள். பங்க்கில் யாரோ நழுவவிட்ட பெட்ரோல் மூடி ஒரு கையிலும், ரோட்டில் போன யாரோ நழுவவிட்ட கொய்யாப்பழம் ஒரு கையிலும் இருந்தன.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சமிருந்தது. ஏதாவது ஒரு பொருள், தேங்காய்ச் சிரட்டையானாலும் சரி, கண்ணெதிரில் தொப்பென்று தரையில் விழ வேண்டும், தான் எழுந்திருக்காமல் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு மத்தியானம், ஒரே ஒரு மத்தியானம், கையை நெஞ்சில் வைத்துத் தூங்க வேண்டும். இதை மலைச்சாமியிடம் சொன்னபோது, "நீ படுத்துட்டா ஊருப் புள்ளைக கெதி என்னாகுறது?" என்றார். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. தான் கண்ணயர்ந்த நேரத்தில் ஒரு பிள்ளை நழுவித் தரைக்குப் போய்விட்டால் அந்தப் பாவத்தை எந்தக் கோயிலில் கழுவுவது? குட்டக் குட்டக் குனிகிறவளும் முட்டாள் என்று சொல்வது சுலபம். குனிந்த முதுகில் பிள்ளையை ஏற்றி வைத்திருந்தால் எப்படி நிமிர முடியும்?

போன தை மாதம் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் ஜக்ளிங் திருவிழா என்று நோட்டீஸ் வந்தது. பேகம்பூரில் செல்போன் பழுது பார்க்கும் ஃபயாஸ் என்ற இளைஞர்தான் அதை நடத்தினார். கொரோனாவில் கடை மூடிக் கிடந்தபோது மூன்று எலுமிச்சம்பழத்தை மாற்றி மாற்றி மேலே போட்டுப் பிடிக்கப் பழகி, கடை திறந்த பிறகும் நிறுத்த முடியாமல் போனவர் அவர். நோட்டீஸைப் பார்த்த செங்குளத்துப்பட்டி வார்டு மெம்பர், பந்தைக் கீழே விடாமல் பிடிக்கிற விளையாட்டு என்று புரிந்துகொண்டார். அதுவரை சரிதான். இந்த ஜில்லாவில் சனி ஞாயிறு மைதானத்தில் ஆட்டம் என்றால் கபடி, இல்லாவிட்டால் கிரிக்கெட். முதல் பரிசு ஆளுயரக் கோப்பை, இரண்டாம் பரிசு ஆட்டுக்கிடாய். வேறு மாதிரி நடந்து யாரும் கண்டதில்லை. கீழே விடுவது என்றால் என்னவென்றே தெரியாத ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு அந்தக் கோப்பையை அடுத்த ஊருக்கு விடுவதா என்று ஊர் கூடி முடிவெடுத்தது. அவளுடைய ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, 'செங்குளத்துப்பட்டியின் சிங்கம்' என்று ஃபிளெக்ஸ் அடித்தார்கள். அந்தப் படத்திலும் அவள் தூக்கக் கலக்கத்தில்தான் இருந்தாள்.

"எனக்கு முடியலங்க" என்றாள் கருப்பம்மாள்.

"ஒக்காந்த எடத்துல கோப்பை வருது, அதுக்கென்ன முடியல?" என்றார் மலைச்சாமி. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டு நாளைக்கும் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்படி கோயில் மைக்கில் அறிவித்துவிட்டு, சனிக்கிழமை காலை இரண்டு டாட்டா ஏஸ் வண்டியில் முப்பத்தோரு பேர் தப்பு அடித்துக்கொண்டு கிளம்பினார்கள். வண்டி டவுனுக்குள் நுழைந்ததிலிருந்து வழியில் நழுவியதெல்லாம் வண்டிக்கு வந்தது. ஒரு ஹெல்மெட், இரண்டு முழம் மல்லிகை, கட்டட வேலையில் சித்தாள் கைதவறிய செங்கல், பரோட்டா மாஸ்டர் வீசிய பரோட்டா நாலு. உரியவர்கள் பின்னாலேயே ஓடிவந்து வாங்கிப் போனார்கள். பரோட்டாவைத் தேடி யாரும் வராததால் மலைச்சாமி தின்றுவிட்டார்.

மைதானத்தில் பெங்களூர், புதுச்சேரி, கோயம்புத்தூர் என்று பல ஊர்களிலிருந்து எழுபது பேர் வந்திருந்தார்கள். பந்து, வளையம், பாட்டில் வடிவக் கட்டை என்று ஆளுக்கு ஒன்றை மேலே போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கருப்பம்மாள் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் மேலே போனவை எல்லாம் உச்சியில் ஒரு கணம் நின்று யோசித்து, கூட்டமாகத் திரும்பி அவளிடம் வந்தன. எழுபது பேரும் வெறுங்கையை விரித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார்கள். அவள் பதறவில்லை. ஒவ்வொன்றாக ஏந்தி, அடிபடாமல் காலடியில் அடுக்கினாள். அரை மணி நேரத்தில் பந்து இருநூற்றுப் பத்து, கட்டை தொண்ணூறு, வளையம் ஒரு கூடை சேர்ந்துவிட்டது. ஊர்க்காரர்கள் விசில் அடித்தார்கள். வார்டு மெம்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஃபயாஸிடம் போய்க் கோப்பையை எப்போது தருவீர்கள் என்று கேட்டார்.

"கோப்பையெல்லாம் இல்லண்ணே. இது போட்டி கெடையாது" என்றார் ஃபயாஸ்.

"அப்ப யாரு ஜெயிக்கிறது?"

"யாருமில்ல. சும்மா கூடி வெளாடுறதுண்ணே."

"சும்மா வெளாடுறதுக்கு எதுக்குய்யா மைதானம்?" என்று மெம்பர் சத்தம் போட்டார். முப்பத்தோரு பேரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. டவுனிலேயே ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று மெம்பர் பிறகு முடிவு செய்தார். வெறுங்கையோடு ஊர் எல்லைக்குள் நுழைய முடியாதல்லவா.

திருவிழா அதோடு நின்றுபோயிருந்தது. ஃபயாஸ் அவளிடம் வந்து, "அம்மா, கொஞ்சம் தள்ளி ஒக்காரீங்களா?" என்று தன்மையாகக் கேட்டு நாற்காலியை மேடைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார். பந்துகள் மேடையைச் சுற்றிக்கொண்டு வந்தன. வாசல் கேட் அருகே போட்டார், அங்கேயும் வந்தன. மூன்றாம் முறை நாற்காலியைத் தூக்கப் போனபோது கருப்பம்மாளுக்கு மனசு உடைந்துவிட்டது. "நான் புடிக்கல அப்பு. அதுவா வருது. எனக்கு முடியல. இருவத்தாறு வருசமா ஒரு தூக்கம் தூங்கல, இந்தக் கையப் பாரு" என்று இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டிய கையில் ஒரு வளையம் வந்து விழுந்தது. ஃபயாஸ் தரையில் உட்கார்ந்து அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். மாமரம், உப்பு, சாக்கு, தொட்டியிலிருந்து வந்த பிள்ளை, மகள் கல்யாணம், எல்லாவற்றையும் அவள் சொன்னாள். இதற்கு முன் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

"நாங்க பழகறப்ப மொதப் பாடமே கீழ போடுறதுதாம்மா" என்றார் அவர். "மேல போடணும், கையச் சும்மா வச்சுக்கணும், விழட்டும்னு விடணும். அது வந்தாத்தான் அடுத்தது. இங்க இருக்கவங்க எல்லாரும் லட்சம் தடவ கீழ போட்டவங்கதான்."

"விழுந்தா வைய மாட்டாகளா?"

"கை தட்டுவோம்மா."

கீழே விழுவதைப் பார்த்துக் கை தட்டுகிற மனுஷர்கள் பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருந்திருக்கிறார்கள், தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று கருப்பம்மாளுக்கு மனசு ஆறவில்லை. ஃபயாஸ் ஒரு பந்தைக் கொடுத்தார். அவள் உள்ளங்கையைக் கவிழ்த்தாள். பந்து முழங்கால் வரை இறங்கி, வளைந்து ஏறி, மறுபடி கைக்கே வந்தது. சாயங்காலம் வரை நாற்பது தடவை கவிழ்த்தாள். நாற்பது தடவையும் வந்தது. சனிக்கிழமை அப்படிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபயாஸ் வேறு வழி பார்த்தார். இருவர் எதிரெதிரே நின்று ஒருவர் எறிந்ததை இன்னொருவர் பிடிக்கிற ஆட்டம் ஒன்று உண்டு. நீங்கள் எறியுங்கள், நான் பிடிக்கிறேன் என்றார். கருப்பம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது. ஏந்தியதை அடிபடாமல் இறக்கிவைத்துத்தான் பழக்கம், யார் மேலும் எதையும் எறிந்ததில்லை. எறிந்து பார்த்தாள். பந்து பாதி தூரம் போய், ஃபயாஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்தது. பத்துத் தடவை இப்படியே ஆனது. பதினோராவது தடவை எறிகிறபோது, தோப்பு ஞாபகத்தில் அவளை அறியாமல் வாய் "ஏந்து!" என்று குரல் கொடுத்துவிட்டது.

ஃபயாஸுக்குப் பதில் தெரியாது. பதில் தெரிந்த ஒரே ஆள் நாலடி தள்ளி ஃபிளெக்ஸ் நிழலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்த மலைச்சாமி. முப்பது வருடமாக மரத்து மேலிருந்து அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு ஊறிய காது. யாரோ கேட்டால் யாரோ சொல்லித்தானே ஆக வேண்டும் என்கிற பழக்கத்தில் அவர் வாய், "ஏந்திட்டேன்" என்றது.

பந்து நடுவானில் நின்றது. கருப்பம்மாளின் பக்கம் திரும்பவில்லை. நேராக மலைச்சாமியிடம் போனது. அவர் வாழ்நாளில் மேலிருந்து போட்டவரே தவிரக் கீழே நின்று எதையும் பிடித்தவர் அல்ல. கையைத் தூக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பந்து அவர் நெற்றியில் பட்டென்று அடித்துத் தரையில் தொப்பென்று விழுந்து, இரண்டு தடவை குதித்து, உருண்டு, ஒரு வேப்பங்கொட்டையில் முட்டி நின்றது.

மற்ற செங்குளத்துப்பட்டிக்காரர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எழுபது பேர் வழக்கப்படி கை தட்டினார்கள். கருப்பம்மாள் எழுந்திருக்கவில்லை. கிடந்த பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எடுக்கச் சொல்லி யாரும் அவளை ஏவவில்லை, அவள் கையும் எழவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. அவள் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆன மலைச்சாமி, நெற்றி வீங்க வீங்க அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இருவத்தாறு வருசம் ஏந்தச் சொன்னீக. ஒண்ணே ஒண்ணு ஒங்களுக்கு ஏந்தத் தெரியலயே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதற்கப்புறம் எழுபது பேருக்கும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தார்கள். பெங்களூர்க்காரர்களுக்கு நாக்குப் புரளக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மத்தியானம் முழுக்க மேலே போனதெல்லாம் அவளிடம் வந்தது. அவள் "ஏந்து!" என்று எறிந்தாள், "ஏந்திட்டேன்" என்றவர்களிடம் போனது. பிடித்தவர் பிடித்தார், விட்டவர் விட்டார். தொப்பு தொப்பென்று மைதானம் எங்கும் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. சாயங்காலம் வண்டியில் திரும்பும்போது மலைச்சாமி நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தார். சாணார்பட்டி நெருங்குகையில், யாரையோ பார்த்துச் சொல்கிறவர் மாதிரி, "அன்னைக்கி உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

"தெரியும்" என்றாள் கருப்பம்மாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வழக்கம்போல வாசலில் ஆள் நின்றது. அவள் செம்பை எடுத்து, "ஏந்து!" என்று எறிந்தாள். அந்த ஊரில் அந்தக் குரலுக்குப் பதில் தெரியாதவர் கிடையாது. பதில் தானாக வந்தது, கைதான் வரவில்லை. செம்பு நசுங்கியது. ஒரே வாரத்தில் ஊரில் பாதிப் பாத்திரம் நெளிந்துபோயிற்று. குழாயடியில் எறிந்த குடங்கள் எறிந்தவர்கள் மேலேயே வந்து ஊற்றின. ஊர்க்கூட்டம் போட்டு அவளைக் கூப்பிட்டார்கள். கூட்டத்துக்கு நடுவில் கோப்பை வேறு பளபளவென்று இருந்தது. "ஏத்தா, ஒன் கைக்கு வந்தத நீதான பத்தரமா வச்சிருந்து குடுக்கணும்? இம்புட்டு நாளும் குடுத்தேல்ல?" என்று மெம்பர் நியாயம் கேட்டார். "கை வலிக்குது" என்றாள் அவள். கூட்டம் கலைந்தது. ஆனால் பிள்ளைகள் வந்தால் மட்டும் முன்போலவே மடியில் வாங்கி, வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அந்த ஒன்றில் அவளுக்கும் தைரியம் வரவில்லை. பிள்ளைகள் இருக்கும்வரை தூக்கம் இல்லை என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மாசி மாதம் ஒரு பகல், அவள் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வீட்டு மொட்டைமாடியில் அழகுராஜா ஒன்றரை வயது மகனை இடுப்பில் வைத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை நழுவியது. கைப்பிடிச் சுவரைத் தாண்டி, மின்கம்பியைச் சுற்றிக்கொண்டு, மொச்சைச் சுளகின் மேல் வந்து உட்கார்ந்தது. அழகுராஜா ஐந்து நிமிடம் கழித்து நிதானமாக இறங்கி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தெருவுக்கு வந்தான். "மதினி, பய வந்துட்டானா? செத்த நேரம் வச்சுக்கங்க, ஒரு மேட்ச் ஓடுது" என்றான். அவன் மனைவி கௌசல்யா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, அக்காவிடம்தான் இருக்கிறான் என்று தெரிந்ததும் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

கருப்பம்மாள் கையிலிருந்த மொச்சையைச் சுளகில் வைத்தாள். அவள் எழுந்தாள். பிள்ளையை இரண்டு கையிலும் எடுத்தாள். அழகுராஜாவுக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடி இருந்தது.

"அழகுராசா! ஏந்து!"

அவன் நிமிர்ந்து பார்த்தபோது பிள்ளை காற்றில் இருந்தது. தெருவே வீறிட்டது. "ஏந்திட்டேன்" என்று அவன் கத்தினான், அந்தக் கத்தல் சாணார்பட்டி வரை கேட்டதாகச் சொன்னார்கள். போனை விட்டான், முழங்காலில் விழுந்தான், இரண்டு கையையும் நீட்டினான், பிடித்தான். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை, இன்னொரு தடவை எறியச் சொல்லிச் சிரித்தது. அவன் விட்ட போன் கருப்பம்மாளிடம் வரவில்லை. வந்தால் திருப்பி எறிவாள் என்று அதற்கும் தெரிந்திருக்கும். நேராகத் தரையில் விழுந்து சில்லுச்சில்லாகத் தெறித்தது. அந்த ஊரில் தானாகத் தரைக்குப் போன முதல் பொருள் அதுதான். கௌசல்யா ஓடிவந்து புருஷனை நாலு வார்த்தை வைதுவிட்டு, கருப்பம்மாளைப் பார்த்து வைவதற்கும் வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடிக்கொண்டு, பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்து இறுக்கினாள்.

அன்றிலிருந்து அந்த ஊரில் ஒரு பிள்ளையும் நழுவியதில்லை. பொருள்களுக்கும் அலுத்துவிட்டது போலிருக்கிறது, எறிபடுவதற்காக அவ்வளவு தூரம் போவானேன் என்று ஒவ்வொன்றாகக் காலடியிலேயே விழத் தொடங்கின. பாத்திரக்காரர் மறுபடி வருகிறார். சீசனில் கருப்பம்மாள் இப்போதும் நத்தத்துக்குப் போகிறாள், மாங்காய்கள் இப்போதும் அவள் சாக்கைத் தேடித்தான் வருகின்றன, மலைச்சாமி இறங்குவதற்கு முன் மரத்து மேலிருந்து மூன்று தடவை "போதும்" என்று கத்துகிறார். பக்கத்துத் தோப்புக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

பங்குனி முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் அவள் சோறு உண்டுவிட்டுக் கட்டிலில் படுத்தாள். கை இரண்டையும் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். மூன்றாம் வீட்டில் யார் கையிலிருந்தோ எவர்சில்வர் டம்ளர் ஒன்று நழுவியது. கணீரென்று விழுந்து, உருண்டு, வாசற்படியில் தடதடவென்று இறங்கி, தெருவில் சுற்றி ஆடி அடங்கியது. அந்தச் சத்தம் இன்னும் பழகாத தெருப் பிள்ளைகள் எல்லாம் பார்க்க வெளியே ஓடிவந்தார்கள். கருப்பம்மாள் அந்தச் சத்தத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை முழுசாகக் கேட்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.